அச்சுப்பிழை நோட்டு: வாங்கும் முன் சோதிக்க வேண்டிய வரிசை

கையில் ஒரு பண நோட்டு இருக்கிறது. எண் இல்லை, அல்லது படம் ஒருபக்கமாக நகர்ந்திருக்கிறது. புதிதாகச் சேகரிக்க வருபவர் உடனே லென்ஸை எடுத்துப் பிழை உள்ள இடத்தை மட்டும் உற்றுப் பார்ப்பார். முதல் சறுக்கல் அங்கேதான். அச்சுப்பிழை என்பது அச்சகத்தில், ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தில், ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் நடந்த ஒன்று. அதற்கு முந்தைய கட்டங்கள் ஒழுங்காக இருக்கும். பிந்தைய கட்டங்கள் அந்தப் பிழையின் மேலேயே நடந்திருக்கும். எந்தக் கட்டத்தில் நடந்தது என்று சொல்ல முடிந்தால் பாதிச் சோதனை முடிந்தது. சொல்ல முடியவில்லையென்றால் அந்த நோட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

1. முதலில் சேர்த்து வைக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று போதும். பெரும்பாலான சோதனை அதிலேயே முடிந்துவிடும். மை எந்த முறையில் படிந்திருக்கிறது என்று பார்க்க மட்டும் 40 முதல் 60 மடங்கு வரை காட்டும் யூஎஸ்பி மைக்ரோஸ்கோப் தேவைப்படும். அதற்கு மேல் போனால் காகித நார்தான் தெரியும், அச்சு தெரியாது.

365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு வாங்குங்கள். 395 நானோமீட்டர் விளக்கு விலை குறைவு, ஆனால் அதன் ஊதா வெளிச்சமே கண்ணை நிறைத்துவிடுவதால் காகிதத்தின் மெல்லிய ஒளிர்வு தெரியாமல் போகும். இவற்றோடு ஒரு சிறிய டார்ச், 0.1 மில்லிமீட்டர் வரை அளக்கும் காலிப்பர், 600 டிபிஐ ஸ்கேனர்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, அதே மதிப்பு, அதே வெளியீடு, முடிந்தால் அதே கையெழுத்து உள்ள பிழையற்ற நோட்டுகள் மூன்று. ஒன்று போதாது. ஒரு நல்ல நோட்டுக்கும் இன்னொரு நல்ல நோட்டுக்கும் இடையிலேயே எண் அரை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும், நிறம் சற்று மங்கியிருக்கும். இயல்பான வேறுபாடு எவ்வளவு என்று தெரியாதவருக்கு எல்லா நோட்டும் பிழை நோட்டாகத்தான் தெரியும்.

2. அச்சு வரிசையை மனத்தில் பதியுங்கள்

நாட்டுக்கு நாடு சில்லறை மாற்றங்கள் உண்டு. ஆனால் எலும்புக்கூடு ஒன்றுதான்.

நீர்க்குறியும் பாதுகாப்பு இழையும் காகிதம் செய்யும்போதே உள்ளே போய்விடுகின்றன. பிறகு ஆஃப்செட் முறையில் (பிளேட்டின் மையை ரப்பர் உருளை வழியாகக் காகிதத்துக்கு மாற்றும் முறை) மெல்லிய பின்னணி நிறங்கள். பல அச்சகங்களில் இது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விழுகிறது. வெளிச்சத்தில் பிடித்தால் முன்பக்க வடிவமும் பின்பக்க வடிவமும் இம்மி பிசகாமல் சேர்வது இதனால்தான். பளபளக்கும் படலப் பட்டை இருந்தால் அது பெரும்பாலும் அடுத்த கட்டத்துக்கு முன்பே ஒட்டப்பட்டுவிடும்.

அடுத்தது இன்டாக்லியோ. பள்ளம் வெட்டிய பிளேட்டில் மை நிரப்பி, பெரும் அழுத்தத்தில் காகிதத்தை அதன்மேல் அமுக்குவார்கள். விரலில் தட்டுப்படும் மேடான மை இதுதான். பொதுவாகப் பின்பக்கம் முதலில், அது உலர்ந்த பிறகு முன்பக்கம். அமெரிக்க டாலர் ஷீட்டுகள் (பல நோட்டுகள் சேர்ந்து அச்சாகும், இன்னும் வெட்டாத பெரிய தாள்கள்) இந்த உலர்தலுக்கு 72 மணி நேரம் காத்திருக்கின்றன. கடைசியாக லெட்டர்பிரஸ் முறையில் (மேடான எழுத்தில் மை தடவிக் காகிதத்தில் அமுக்குவது) வரிசை எண். டாலரில் முத்திரைகளும் (கருவூலத்தின் வட்டச் சின்னம் போன்றவை) இதே கட்டத்தில் விழும். அதன்பின் வெட்டு, கட்டு.

காகிதம், ஆஃப்செட், இன்டாக்லியோ பின், இன்டாக்லியோ முன், எண், வெட்டு. இந்த ஆறையும் ஒரு சீட்டில் எழுதி விளக்குக்கு அடியில் ஒட்டி வையுங்கள். இனி வருவதெல்லாம் இதை வைத்துத்தான்.

3. பிழையை மறந்துவிட்டு நோட்டைச் சோதியுங்கள்

கள்ள நோட்டில் எண் விடுபட்டிருந்தால் அது அச்சுப்பிழை அல்ல, கள்ள நோட்டு அடித்தவனின் பிழை. அதைச் சேகரிப்பில் வைத்திருப்பதே பல நாடுகளில் குற்றம். அதனால் நீர்க்குறி, இழை, மேடான அச்சு, நுண்ணெழுத்து, புற ஊதா வெளிச்சத்தில் ஒளிரும் நார்கள் எல்லாவற்றையும் நல்ல நோட்டோடு ஒப்பிட்டு முடித்த பிறகே பிழைக்கு வாருங்கள்.

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். பிழை கண்ணைப் பறிப்பதாக இருந்தால் மற்ற இடமெல்லாம் மனத்தில் பதியாது. நோட்டின் பிழையுள்ள பகுதியை ஒரு வெற்றுத்தாளால் மூடிவிட்டு மீதியைச் சோதிப்பது நல்ல பழக்கம்.

4. பிழை எந்தக் கட்டத்தில் விழுந்தது?

*வெட்டு நகர்ந்தது.* நோட்டின் ஓரத்தில் பக்கத்து நோட்டின் துண்டு தெரியும். இரண்டு பக்கமும் ஒரே ஷீட்டில் அச்சானவை என்பதால், முன்பக்கத்தில் வடிவம் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தால், புத்தகப் பக்கம்போலத் திருப்பும்போது பின்பக்கத்தில் அது அதே அளவு வலப்பக்கம் ஒதுங்கியிருக்க வேண்டும். எண்ணும் படத்தோடு சேர்ந்தே நகர்ந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் நகர்ந்திருந்தால் அது வெட்டுப் பிழை அல்ல, அந்தப் பக்கத்து அச்சு நகர்ந்தது. படம் சரியாக இருந்து எண் மட்டும் நகர்ந்திருந்தால் எண் கட்டத்தின் பிழை.

காலிப்பரால் நீள அகலத்தை அளக்க மறக்காதீர்கள். வெள்ளை ஓரம் ஒருபக்கம் குறைந்து, மறுபக்கம் கூடாமல், நோட்டு மொத்தமாகச் சிறுத்திருந்தால் யாரோ கத்தரித்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

*கண்ணாடிப் பிம்பம்.* பின்பக்கத்தில் முன்பக்கப் படம் இடவலம் மாறித் தெரியும். ஷீட் ஒன்று இயந்திரத்துக்குள் வராமல் போகும்போது, பிளேட்டின் மை எதிரே உள்ள அழுத்த சிலிண்டரில் பட்டுவிடுகிறது. அடுத்து வரும் ஷீட்டின் முதுகில் அந்த மை ஏறும். முதல் ஷீட்டில் அடர்த்தியாக, அடுத்தடுத்து மங்கிக்கொண்டே போகும்.

இதற்கு ஓர் அருமையான சோதனை உண்டு. நோட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சிலிண்டரில் பட்ட இடமும் பிளேட் பட்ட இடமும் ஒன்றுக்கொன்று நேரானவை என்பதால், பின்பக்கப் பிம்பம் முன்பக்கப் படத்தின் மேல் கோட்டுக்குக் கோடு பொருந்தும். ஈரமான ஷீட்டுகளை அடுக்கியதில் ஒட்டிய மையும் கண்ணாடிப் பிம்பமாகத்தான் வரும், ஆனால் மங்கலாக, திட்டுத் திட்டாக, லேசாக விலகி இருக்கும். அதற்கு மதிப்பு குறைவு. இரண்டு நோட்டுகளை நனைத்து ஒட்டியோ சூடாக்கி அழுத்தியோ வீட்டில் செய்தது, பெரும்பாலும் இரண்டில் எதிலும் சேராது.

*மடிப்பு.* இந்த வகையை விளங்கிக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும். ஷீட்டின் மூலை முன்பக்கமாக மடிந்தபடி முன்பக்க அச்சுக்குப் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். மடிந்த மூலையின் முதுகுதான் இப்போது மேலே இருக்கிறது. அச்சு அதன்மேல் விழும். விரித்தால் முன்பக்கத்தில் வெற்றிடம், பின்பக்க மூலையில் முன்பக்க வடிவத்தின் ஒரு துண்டு. அந்தத் துண்டுதான் முன்பக்கத்தில் மூலைக்கு அடியில் மறைந்துபோன பகுதி. பழைய மடிப்புக் கோட்டிலேயே மெதுவாக மடித்தால் கோடுகள் முறியாமல் தொடர வேண்டும். தொடரவில்லையென்றால் அது அச்சகத்தில் விழுந்த மடிப்பு அல்ல.

வெட்டும்போதும் மடிப்பு மடிப்பாகவே இருந்திருந்தால், விரித்தவுடன் நோட்டின் எல்லைக்கு வெளியே கூடுதல் காகிதம் நீண்டிருக்கும். வெட்டி முடித்த நோட்டில் அந்தக் கூடுதல் காகிதத்தைச் செயற்கையாகச் சேர்க்க வழியில்லை என்பதால், நம்பிக்கையோடு வாங்கக்கூடிய பிழைகளில் இது முதல் வரிசை. அசிங்கமாக இருக்கிறது என்று அதை வெட்டிச் சீராக்கியவர்களும் உண்டு.

*இடையில் வந்து விழுந்த பொருள்.* அமெரிக்காவின் 1996 வரிசை 20 டாலர் நோட்டு ஒன்றில் டெல் மான்டே வாழைப்பழ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. கடையில் பழத்திலிருந்து உரித்து ஒட்டியது என்று யாரும் ஒதுக்காததற்குக் காரணம் அச்சு வரிசைதான். முன்பக்கப் படம் ஸ்டிக்கருக்கு அடியில் போகிறது. முத்திரையும் எண்ணும் ஸ்டிக்கரின் மேல் அச்சாகியிருக்கின்றன. ஆகவே ஸ்டிக்கர் இன்டாக்லியோவுக்குப் பின், எண்ணுக்கு முன் விழுந்தது. பொருள் உதிர்ந்துபோய் வெற்றிடம் மட்டும் இருந்தாலும் இதே கேள்விதான்: வெற்றிடத்தில் எந்தக் கட்டத்தின் மை இல்லை, எந்தக் கட்டத்தின் மை இருக்கிறது?

*எண் பிழைகள்.* இரு இடத்து எண்களும் வெவ்வேறாக இருப்பது, ஓர் இலக்கம் பாதி சுழன்று நிற்பது, எண் தலைகீழாக விழுவது. முதல் இரண்டும் எண் சக்கரம் சிக்கியதால் வருபவை. தலைகீழ் எண், ஷீட் அரைச்சுற்று திரும்பி உள்ளே போனதால் வருவது. அப்படியானால் அந்தக் கட்டத்தில் விழ வேண்டிய எல்லாமே தலைகீழாக இருக்க வேண்டும். டாலரில் எண் தலைகீழாக, முத்திரை நேராக இருந்தால் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரட்டை அச்சு, மை போதாமை, மை வழிந்த தடம் ஆகியவையும் பிழைகளே. மை வழிந்ததற்கு மட்டும் கொஞ்சம் கஞ்சத்தனமாக விலை பேசுங்கள். எளிதில் போலியாகச் செய்யக்கூடியது அதுதான்.

5. இதை வீட்டில் செய்ய முடியுமா?

கட்டம் பொருந்திவிட்டது. இப்போது எதிர்க்கட்சி வக்கீலாக மாறுங்கள்.

*அழித்த அச்சு.* டார்ச்சை மேசையோடு மேசையாகச் சாய்த்து, வெளிச்சம் நோட்டின் மேல் படிந்து போகுமாறு பிடியுங்கள். இன்டாக்லியோ மை இல்லாத இடத்தில் அமுக்கிய தடம் மட்டும் இருந்தால் அழித்திருக்கலாம். ஆனால் அவசரப்படாதீர்கள். பிளேட்டில் மை ஏறாமலே அழுத்தம் விழுந்தாலும், இரண்டு ஷீட்டுகள் ஒட்டிக்கொண்டு உள்ளே போனாலும், மையில்லாத் தடம் அசலாகவே வரும். பிரித்தறிய மைக்ரோஸ்கோப்பில் பள்ளங்களைப் பாருங்கள். அழித்ததில் நார்களுக்கு இடையே மைத் துணுக்குகள் தங்கியிருக்கும், நார் பஞ்சுபோலச் சிலும்பியிருக்கும். அசலில் நார் படிந்து சுத்தமாக இருக்கும்.

அதோடு ஆஃப்செட் பின்னணியையும் பாருங்கள். கரைப்பான் மேல் மையை மட்டும் தேர்ந்தெடுத்துக் கரைக்காது. பின்னணி நிறமும் அதே இடத்தில் வெளுத்திருந்தால் ரசாயனம் பட்டிருக்கிறது. அசலான விடுபடலில் பின்னணி மற்ற இடத்தைவிடத் தெளிவாகத் தெரியும், மேலே எதுவும் மறைக்காததால்.

*மாறிய நிறம்.* பச்சை எண் நீலமாக, சிவப்பு ஆரஞ்சாக இருப்பதாக விற்பனைக்கு வரும் நோட்டுகளில் மிகப் பெரும்பாலானவை வெயிலிலோ ரசாயனத்திலோ மாறியவை. பச்சை மையில் மஞ்சள் நிறமி முதலில் போய்விட்டால் நீலம் மிஞ்சும். புற ஊதா விளக்கில் வையுங்கள். பணத்தாள் காகிதத்தில் வெண்மையூட்டி சேர்ப்பதில்லை, ஆகவே அது மங்கலாகவே இருக்க வேண்டும். நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் சலவைத்தூள் பட்டிருக்கிறது. ஒளிர வேண்டிய நார்கள் அந்த இடத்தில் மட்டும் அணைந்திருந்தால் வேறு ரசாயனம். நிறப் பிழையை மட்டும் நம்பி எதையும் வாங்காமலிருப்பது பணத்துக்கு நல்லது.

*திருத்திய எண்.* லெட்டர்பிரஸ் எழுத்தின் ஓரத்தில் மை பிதுங்கி மெல்லிய கரை கட்டியிருக்கும். பின்பக்கம் சாய்ந்த வெளிச்சத்தில் லேசான அமுக்கம் தெரியும். இங்க்ஜெட்டில் ஓரத்தைச் சுற்றிப் புள்ளிகள் சிதறியிருக்கும், லேசரில் டோனர் பளபளப்பாகத் தூள் தூளாக நிற்கும். இலக்கங்களுக்கு இடையிலான தூரத்தையும் அளந்துவிடுங்கள்.

*உருவிய இழை.* இழையில்லாத நோட்டு அசலாக இருந்தால், இழை போக வேண்டிய இடத்தில் காகிதம் திடமாக இருக்கும். உருவியதில் ஓரத்தில் நுழைவாய் போன்ற பிளவும், வெளிச்சத்தில் ஒரு காலிச் சுரங்கமும் தெரியும்.

*ஷீட்டிலிருந்து வெட்டியது.* சில நாடுகள் வெட்டாத ஷீட்டுகளை அதிகாரபூர்வமாக விற்கின்றன. அவற்றை வாங்கி, விருப்பம்போல் கோணலாக வெட்டி, வெட்டுப் பிழை என்று விற்பவர்கள் உண்டு. நோட்டு அசல், அச்சு அசல், பொய் கத்தரிக்கோலில் மட்டும். எந்த லென்ஸிலும் இது சிக்காது. எண்ணில் சிக்கும். டாலரில் 96000000-க்கு மேற்பட்ட எண்கள் ஷீட் விற்பனைக்கு ஒதுக்கப்பட்டவை. வெட்டுப் பிழையைக் கண்டதும் எண்ணைப் படிப்பதுதான் முதல் வேலை.

*பாலிமர்.* பிளாஸ்டிக் தாளில் அச்சிட்ட நோட்டுகள் இவை. இங்கே காகிதச் சோதனைகள் பலிக்காது. மேல் மையை அழிரப்பராலேயே உரிக்க முடிவதால், விடுபட்ட அச்சு என்று வருபவற்றைக் கூடுதல் சந்தேகத்தோடு பாருங்கள். குட்டி நோட்டு என்று விற்கப்படுபவை சூட்டில் சுருங்கியவை.

6. பிழைபோலத் தெரியும் பிழையல்லாதவை

நட்சத்திரக் குறியிட்ட நோட்டுகள் பிழையல்ல. அச்சகத்தில் பழுதாகக் கண்டு ஒதுக்கிய நோட்டுக்குப் பதிலாகக் கட்டில் வைப்பவை. இந்தியாவில் 2006 முதல் இப்படி வருகின்றன. டாலரில் எண்ணின் இறுதியில் நட்சத்திரம் இருக்கும். இவற்றைச் சேகரிப்பது தனிப் பிரிவு. மாதிரி என்று முத்திரையிட்டவை, வங்கி ரப்பர் முத்திரை, பேனா எழுத்து, எண்ணும் இயந்திரத்தின் உருளைக் கறை எல்லாம் அச்சகத்துக்கு வெளியே நடந்தவை.

7. கண்டெடுத்தவுடன் பதிவு

கட்டிலிருந்து பிழை நோட்டு கிடைத்தால் கட்டைப் பிரிக்காதீர்கள். அடுத்தடுத்த எண்கள் பல அச்சகங்களில் அடுத்தடுத்த ஷீட்டுகளின் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. சக்கரம் சிக்கியிருந்தால் பக்கத்து எண்களிலும் அந்த இலக்கம் சிக்கியிருக்கும். கண்ணாடிப் பிம்பம் நோட்டுக்கு நோட்டு மங்கிப் போகும். மடிப்பு தனி ஷீட்டில் நிகழ்வது, அக்கம்பக்கம் ஒழுங்காகவே இருக்கலாம். பக்கத்து நோட்டுகள் தரும் ஆதாரத்தைப் பிறகு எந்த நிபுணராலும் தர முடியாது. புதியவர்கள் செய்யும் ஈடுகட்ட முடியாத தவறு, பிழையை மட்டும் உருவிக்கொண்டு மீதியைச் செலவழித்துவிடுவது.

இரு பக்கமும் 600 டிபிஐயில், நிறத்திருத்தம் எதுவுமின்றி ஸ்கேன் செய்யுங்கள். ஊடுருவும் வெளிச்சம், சாய்ந்த வெளிச்சம், புற ஊதா மூன்றிலும் ஒவ்வொரு படம். கிடைத்த நாள், கட்டின் முதல் எண், கடைசி எண், பிழை எந்தக் கட்டத்தில் விழுந்தது என்ற உங்கள் முடிவு ஆகியவற்றை எழுதி வையுங்கள். கட்டின் மேல் சுற்றிய தாள்பட்டையையும் எறியாதீர்கள்.

8. பிறரிடம் வாங்கும்போது

இரு பக்கப் படமும் சாய்ந்த வெளிச்சப் படமும் கேளுங்கள். பின்பக்கப் படத்தைத் தர மறுப்பவரோடு மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. சான்று நிறுவனம் (நோட்டைச் சோதித்துத் தரம் குறிக்கும் நிறுவனம்) ஏற்கவில்லையென்றால் பணம் திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஒரு கை தூரத்தில் பார்த்தாலே தெரியும் பிழைக்குத்தான் வாங்க ஆள் இருக்கும். லூப் வைத்தால்தான் தெரியும் அரை மில்லிமீட்டர் நகர்வை யாரும் தேடி வருவதில்லை.

9. சான்றுக்கு அனுப்புதல்

பி.எம்.ஜி., பி.சி.ஜி.எஸ். போன்ற நிறுவனங்கள் நோட்டைச் சோதித்து, 70 வரையிலான அளவுகோலில் தரம் குறித்து, மூடிய உறையில் தருகின்றன. விண்ணப்பத்திலேயே பிழையின் பெயரைக் குறிப்பிடுங்கள். வெறும் தரத்துக்கு என்று அனுப்பினால் உறைச் சீட்டில் பிழை இடம்பெறாமல் போகக்கூடும்.

உறையில் இருப்பதை வாங்குகிறீர்களா? சான்று எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் தட்டி, அங்குள்ள விவரத்தையும் படத்தையும் கையிலுள்ள நோட்டோடு ஒப்பிடுங்கள். உறையையும் போலியாகச் செய்கிறார்கள்.

10. வைத்துக் காப்பது

பிவிசி உறை வேண்டாம். அதை மென்மையாக்கச் சேர்த்த ரசாயனம் கசிந்து நோட்டில் பிசுபிசுப்பாகப் படியும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம், வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி, வெயில் படாத இடம்.

கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்து அழுத்தாதீர்கள். ஐந்தாம் படியில் நீங்கள் தேடிய மேடு, பள்ளம், அமுக்கம் எல்லாம் அழுத்தினால் தட்டையாகிவிடும். நாளை அதைச் சோதிப்பவருக்கு ஆதாரமே இருக்காது. மடிப்புப் பிழையை ஒருமுறை விரித்துப் படமெடுத்த பிறகு, மீண்டும் மீண்டும் விரித்து மடிக்க வேண்டாம். கூடுதல் காகிதம் நீண்டிருப்பவற்றுக்கு ஒரு அளவு பெரிய உறை எடுங்கள். சாதாரண உறைக்குள் திணித்தால் அந்த நுனிதான் முதலில் ஒடியும்.